வடமேற்கு மூலைக்கு முப்பது சதவீதம்

கிரேன்ஜர் மாவட்டம், நெப்ராஸ்கா
ஜூன் 3, 1996

மார்லிஸ் அக்காவுக்கு,

இரண்டு வருடம் கழித்து எழுதுகிறேன். நலம் விசாரிக்க இல்லை. போனில் பேசலாம்தான். பேசினால் நான் கத்துவேன், நீ வைத்துவிடுவாய். அதனால் கடிதம்.

விஷயம் இதுதான். உங்கள் சேனல் பொய் சொல்கிறது. அநேகமாகத் தினமும், சாயங்காலம் ஆறு இருபது வானிலைச் செய்தியில், உன் வாயால்.

ஏப்ரல் ஒன்றாம் தேதியிலிருந்து ஒரு நோட்டில் குறித்து வருகிறேன். இடது பக்கம் நீ சொன்னது. வலது பக்கம் என் மழைமானி சொன்னது. நேற்று உட்கார்ந்து எண்ணினேன். உங்கள் வரைபடத்தில் எங்கள் வடமேற்கு மூலைக்கு மழை வாய்ப்பு முப்பது சதவீதம் என்று நீ சொன்ன நாட்கள் இருபது. மழை பெய்தது இரண்டு நாள். முப்பது என்றால் இருபதில் ஆறு நாளாவது பெய்திருக்க வேண்டும். இரண்டு பக்கமும் மாறி மாறித் தப்பினால் வானத்தின் மேல் பழி போடலாம். ஒரே பக்கமாகத் தப்பினால் போட முடியாது. விமானப்படையில் நான்கு வருடம் ராடார் பழுதுபார்த்தவன் நான். ஒரு கருவியின் முள் எப்போதும் ஒரே பக்கம் சாய்ந்து நின்றால் யாரோ திருகியிருக்கிறார்கள்.

இதில் எனக்கு என்ன போயிற்று என்று கேட்பாய். மாட்டுத் தீனிக்கான குதிரைமசாலைப் பூ விடுவதற்கு முன் வெட்ட வேண்டும், வெட்டியது மூன்று நாள் வெயிலில் காய வேண்டும், அப்புறம்தான் கட்டு கட்ட முடியும். உனக்குத் தெரியாததா? மே கடைசியில் வெட்டியிருக்க வேண்டியது. நீ தினமும் முப்பது என்றாய். பதினோரு நாள் காத்திருந்தேன். ஒரு சொட்டு விழவில்லை. புல் பூத்து, தண்டு கம்பியாகிவிட்டது. மாடுகள் முகர்ந்து பார்த்துவிட்டு என்னைப் பார்க்கின்றன. பால் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டது.

பக்கத்துப் பண்ணை எல்டன் மே 24ஆம் தேதியே வெட்டி, கட்டி, அடுக்கிவிட்டான். அவன் வீட்டு டிவி ஒரு மாதமாக ரிப்பேர். வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "டிவி ஓடாம கெடந்ததுதான்டா கர்ட்டு எனக்கு அதிர்ஷ்டம். உனக்குத்தான் அக்கா இருக்காளே, சொல்லிருப்பாளேன்னு நெனச்சேன்" என்கிறான்.

இரண்டாம் வெட்டு ஜூலை முதல் வாரம் தயாராகும். அதுவும் போனால் குளிர்காலத் தீனி கிடையாது. நாற்பது மாட்டில் பாதியை விற்க வேண்டும்.

யார் திருகுகிறார்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும். பதில் வராவிட்டால் நோட்டை அப்படியே மாவட்ட வாரப் பத்திரிகைக்குக் கொடுத்துவிடுவேன். சந்தோஷமாகப் போடுவார்கள். உன் படத்தோடு.

கர்ட்

•

லிங்கன்
ஜூன் 8, 1996

கர்ட்டுக்கு,

கவரில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ செத்துப்போனார்கள் என்று நினைத்துவிட்டேன். பிரித்தால், செத்தது என் மானம் மட்டும்தான். சரி, இரண்டு வருடத்துக்கு அப்புறம் அதாவது எழுதினாயே.

உன் நோட்டைப் பற்றிப் பேசுவதற்கு முன் உன் மழைமானியைப் பற்றிப் பேசுவோம். அது இன்னும் டிராக்டர் கொட்டகைக்குப் பக்கத்தில், அந்தப் பெரிய மரத்தடிக் கம்பத்தில்தான் இருக்கிறதா? அங்கே மேலிருந்து மரம் மறைக்கும், மேற்கிலிருந்து கொட்டகை மறைக்கும். அரை மழை அதற்குள் விழவே விழாது. குருவி கூடு கட்டியிருந்தால் கால் மழைகூட விழாது. நீ ராடார் பார்த்தவன். அளக்கிற சாமானைச் சோதிக்காமல் மற்றவர்களைத் திருடன் என்று சொல்லலாமா?

அடுத்தது, எங்கள் ராடார் உன் பண்ணையிலிருந்து நூற்றுப்பத்து மைல். பூமி வளைகிறது, ராடார் கற்றை வளையாது. உன் தலைக்கு மேல் பத்தாயிரம் அடிக்குக் கீழே நடப்பது எங்களுக்குத் தெரியாது. வானிலை அலுவலகத்தின் வானொலி உங்கள் பள்ளத்தில் பிடிக்காது என்பதால் நீ என்னை மட்டும் கேட்கிறாய். எனக்குக் கிடைப்பது இரண்டு நிமிடம் நாற்பது வினாடி. விளையாட்டுச் செய்தி நீண்டால் அதுவும் ஒன்று ஐம்பது. வெறும் பச்சைத் திரைக்கு முன்னால் நின்று, இல்லாத வரைபடத்தைக் கையால் தடவிக்கொண்டு, முப்பத்தாறு மாவட்டத்துக்கும் அதற்குள் சொல்லி முடிக்க வேண்டும். சிரித்துக்கொண்டே.

உண்மையைச் சொல், இந்த நோட்டு யோசனை யாருடையது? போட்டிச் சேனல்காரர்கள் இந்த வசந்தத்திலிருந்து 'நாங்கள் சொன்னால் பெய்யும்' என்று விளம்பரம் செய்கிறார்கள். அவர்களுடைய ஆள் ஒருவன் மாவட்டம் மாவட்டமாகச் சுற்றி விவசாயிகளிடம் பேசுவதாகக் கேள்வி. அவன் உன் அடுப்படியில் உட்கார்ந்து கொலாச்சி பலகாரம் தின்றுவிட்டுப் போனானா?

மார்லிஸ்

•

கிரேன்ஜர் மாவட்டம்
ஜூன் 12, 1996

அக்கா,

மழைமானி கொட்டகைப் பக்கம் இல்லை. மார்ச் மாதமே பிடுங்கி வடக்கு மேய்ச்சலில் வெட்டவெளியில் நட்டுவிட்டேன். நாலு பக்கமும் நாற்பது கெஜத்துக்கு ஒன்றும் கிடையாது. உன் கடிதம் வந்ததும் கழற்றிப் பார்த்தேன். ஒரு பூச்சி இருந்தது. குருவி இல்லை. அதோடு விடவில்லை, ஊருக்குப் போய் அஞ்சல் நிலையத்தில் கேட்டேன். வானிலை அலுவலகத்துக்காகத் தினமும் காலையில் மழை அளந்து அனுப்புகிற லவோன் அம்மாளின் பதிவேட்டை வாங்கி என் நோட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே இரண்டு நாள். அளவில் வித்தியாசம் அங்குலத்தில் நூற்றில் மூன்று பங்கு. அந்த அம்மாள், "என்னப்பா, போலீஸ் வேலையில சேந்துட்டியா?" என்று கேட்டார்.

போட்டிச் சேனல்காரன் எவனும் இங்கே வரவில்லை. வந்தால் அவனுக்கும் ஒரு நோட்டு போடுவேன்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மரம், கொட்டகை, குருவி, பூமியின் வளைவு எல்லாம் இருக்கிறது. 'நாங்கள் கூட்டிச் சொல்வதில்லை' என்ற ஒரு வரி மட்டும் இல்லை. அதை எழுத உனக்கு ஒரு நிமிடம் ஆகியிருக்காது.

ராடார் பற்றி எனக்குப் பாடம் எடுக்காதே. தெரியாவிட்டால் சில நாள் கூடச் சொல்வாய், சில நாள் குறையச் சொல்வாய். நீ குறையச் சொன்ன நாள் ஒன்றுகூட இல்லை.

இன்னொன்று கவனித்தேன். வானிலைக்கு முன்னாலும் பின்னாலும் வருகிற விளம்பரம் அந்த வைக்கோல் வியாபாரியுடையது. தொப்பியைக் கழற்றி வைத்துக்கொண்டு, "தீனி தட்டுப்பாடா? நாங்க இருக்கோம்!" என்று பல்லைக் காட்டுகிறானே, அவன்தான். நாங்கள் வெட்டாமல் விட்டால் யாரிடம் போய் வாங்குவோம்? நான் ஒன்றும் சொல்லவில்லை. கேட்கிறேன்.

கர்ட்

•

லிங்கன்
ஜூன் 17, 1996

கர்ட்,

சரி. அந்த வரியை என்னால் எழுத முடியாது. எழுதினால் அதுவும் உன் நோட்டில் ஏறிவிடும்.

கூட்டுகிறோம். எங்கள் சேனல் மட்டும் இல்லை, இந்தத் தொழிலில் நிறையப் பேர் செய்வதுதான். இங்கே செய்தி ஆசிரியர் விக் என்று ஒருவர். நான் சேர்ந்த முதல் வாரம் அவர் என் மேஜையில் உட்கார்ந்து சொன்னது இது: "இந்தா பாரும்மா மார்லிஸ், நீ பத்துன்னு சொல்லி மழை பெஞ்சா நாப்பது போன் வரும். ஒருத்தி கல்யாணம் நனஞ்சுதும்பா, ஒருத்தன் கூரை பிரிச்சு வச்சேன்பான். இருபதுன்னு சொல்லி வெயிலடிச்சா ஒருத்தன் கூப்பிட மாட்டான், குடைய மடக்கிட்டுப் போயிருவான். எதுக்கு வம்பு? இருபதாப் போடு." அன்றிலிருந்து பத்து என்ற எண் எங்கள் வரைபடத்தில் கிடையாது. வானிலை அலுவலகம் பத்து என்றால் நாங்கள் இருபது. அங்கே இருபது என்றால் இங்கே முப்பது.

இது பொய்யா? தெரியவில்லை. செருப்புக் கடைக்காரன் ஒரு அளவு பெரிதாகக் கொடுப்பதைப் போல என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

வைக்கோல் வியாபாரிக்கு இதில் ஒரு சம்பந்தமும் இல்லை. அவர் ஸ்டுடியோவுக்கு வந்தது ஒரே தடவை. என் பச்சைத் திரையைப் பார்த்து, "இதுல எங்க மேப்பு இருக்கு?" என்று கேட்டவர். அவரைச் சதிகாரராக நினைக்க உன்னால்தான் முடியும்.

பத்திரிகைக்குக் கொடுக்காதே. கெஞ்சுவதாகவே வைத்துக்கொள். ஆகஸ்டில் என் ஒப்பந்தம் புதுப்பிக்கிற நேரம். மாட்டும்போது விக் மாட்ட மாட்டார். திரையில் தெரிகிற முகம் என்னுடையது.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். நீயும் தப்ப முடியாது. புல்லுக்காகத்தான் இந்த நோட்டு என்கிறாய். புல் வெட்டு மே கடைசியில். நீ எண்ண ஆரம்பித்தது ஏப்ரல் ஒன்று. மழைமானியை இடம் மாற்றியது மார்ச். அப்போது உனக்கு நஷ்டமே ஆகவில்லையே? நீ புல்லுக்காக எண்ணவில்லை. என்னைப் பிடிக்க எண்ணினாய். கையில் நோட்டோடு இரண்டு மாதம் காத்திருந்தாய். இல்லை என்று சொல், பார்ப்போம்.

மார்லிஸ்

•

கிரேன்ஜர் மாவட்டம்
ஜூன் 24, 1996

அக்கா,

ஏப்ரல் ஒன்று என் விஷயம். அதை விடு.

நீ ஒப்புக்கொண்டது பாதிதான். மீதிப் பாதியை நான் சொல்கிறேன்.

வரைபடத்தில் நான்கு மூலைக்கும் நான்கு எண் போடுகிறீர்கள். நான் நான்கையும்தான் குறித்து வந்தேன், என் மூலையை மட்டும் கணக்குப் போட்டிருந்தேன். உன் கடிதம் வந்த மறுநாள் நூலகத்துக்குப் போய்ப் பழைய செய்தித்தாள்களை எடுத்து மற்ற மூன்று மூலைகளிலும் பெய்த மழையைப் பார்த்து எழுதினேன். ஒரு முழு நாள் ஆயிற்று. நீ முப்பது என்று சொன்ன நாட்கள் அந்த மூன்றிலும் சேர்த்து ஐம்பத்தேழு. பெய்தது பன்னிரண்டு. நூற்றுக்கு இருபத்தொன்று. அதாவது, நீ சொன்ன மாதிரியே, இருபதை முப்பதாக்கினீர்கள். பத்து கூட்டினீர்கள். சரி.

என் மூலைக்கு இன்று வரை முப்பது என்றது இருபத்துநாலு நாள். பெய்தது அதே இரண்டு. பத்துகூட இல்லை. எனக்கு மட்டும் இருபது கூட்டுகிறீர்கள்.

விக் வைத்த விதி நான்கு மூலைக்கும் ஒன்றுதான். அப்படியானால் என் மூலைக்கு இன்னொரு ஆள் தனியாகத் திருகுகிறான். மாநிலத்தில் குதிரைமசால் அதிகம் போடுகிறவர்கள் இந்த மூலையில்தான் இருக்கிறோம். வைக்கோல் வியாபாரியின் கிடங்கும் எங்கள் நெடுஞ்சாலையில்தான் இருக்கிறது. அவனுக்கு வரைபடம் தெரியவில்லை என்று நீ சிரிக்கிறாய். வரைபடம் தெரிய வேண்டாம், எண்ணைத் தட்டுகிற ஆளைத் தெரிந்தால் போதும். எண்ணைத் தட்டுவது நீதான் என்று நீயே ஒரு தடவை சொல்லியிருக்கிறாய்.

நேராகவே கேட்கிறேன். நீ வாங்கினாயா?

பத்திரிகைக்கு எழுத வேண்டியதை எழுதி முடித்துவிட்டேன். இரண்டு பக்கம், ஒரு அட்டவணை. ஜூலை 4 இதழுக்குத் திங்கட்கிழமை ஒன்றாம் தேதி மதியத்துக்குள் கொடுக்க வேண்டும். சனிக்கிழமை தபால் வரை பார்ப்பேன்.

கர்ட்

•

லிங்கன்
ஜூன் 27, 1996

கர்ட்,

யாரும் எனக்கு எதுவும் கொடுக்கவில்லை. யாரும் என்னிடம் எதுவும் சொல்லவும் இல்லை. உன் மூலைக்கு அந்த இன்னொரு பத்தைக் கூட்டியது நான்தான். விக்குக்குக்கூடத் தெரியாது.

இந்த இடம் வரை மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

1994 ஜூலை 10, ஞாயிறு. உனக்கு ஞாபகம் இருக்கும். அன்றைக்கு விக் விடுப்பு. வானிலை அலுவலகம் உன் மூலைக்கு அடுத்த மூன்று நாளுக்கும் பத்து என்றது. உன் இரண்டாம் வெட்டு தயாராக இருக்கிறது என்று அந்த வாரம்தான் நீ போனில் சொல்லியிருந்தாய். தம்பிக்கு உண்மையான எண்ணைச் சொல்வோமே என்று பத்து என்றே போட்டேன். சொல்லும்போது கொஞ்சம் சிரித்தேன், உனக்குப் புரியட்டும் என்று. நீ அறுபது ஏக்கர் வெட்டினாய். புதன்கிழமை ஒன்றரை அங்குலம் கொட்டியது.

அன்று சாயங்காலம் நீ செய்தி அறைக்குப் போன் செய்தாய். உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. திட்டுகிற போன்களை இங்கே ஒலிபெருக்கியில் போட்டுவிடுவார்கள். எல்லோரும் கேட்டுச் சிரிப்பது ஒரு பழக்கம். அன்றைக்கு அறையில் பதினான்கு பேர். உன் குரல் வந்தது.

"நீ டிவில சிரிச்சுக்கிட்டே சொன்னதுக்கு நான் இங்க அறுபது ஏக்கர்ல அழுகலை அள்ளிக்கிட்டிருக்கேன். இனிமே எனக்கு அக்கான்னு யாரும் கெடையாது. வானிலை வாசிக்கற பொம்பள ஒருத்திதான் இருக்கா."

சிரிப்பு நின்றுவிட்டது. யாரோ போய்ப் பொத்தானை அணைத்தார்கள். அதற்கு ஒரு மணி நேரம் கழித்து நான் திரைக்கு முன்னால் நின்று நாளைய வெயிலைப் பற்றிப் பேசினேன். அந்தக் கிறிஸ்துமஸுக்கு நீ வரவில்லை. அடுத்ததுக்கும் வரவில்லை.

அதற்கப்புறம் தினமும் சாயங்காலம் எண்களைத் தட்டும்போது மூன்று மூலைகளுக்கு விரல் தானாகப் போய்விடும். உன் மூலைக்கு வரும்போது நிற்கும். வானிலை அலுவலகம் பத்து என்றிருக்கும். விக்கின் விதிப்படி இருபது. இருபது என்றால் நீ துணிந்து வெட்டிவிடுவாய், உன்னை எனக்குத் தெரியும். முப்பது என்றால் வெட்ட மாட்டாய். வெட்டாவிட்டால் நனையாது. நனையாவிட்டால் போன் வராது.

புல் பூத்துப்போனாலும் நஷ்டம்தான் என்று எனக்குத் தெரியாதா? நானும் அந்தக் கொட்டகையில் வளர்ந்தவள்தானே. தெரியும். ஆனால் அந்த நஷ்டத்துக்கு யாரும் என்னைக் கூப்பிட்டுத் திட்டவில்லை. நீயும்கூட, இந்த ஜூன் வரை.

ஆக, முள்ளைத் திருகியது நான். யாருக்குப் பயந்து திருகினேன் என்பதையும் சொல்லிவிட்டேன். பத்திரிகைக்குக் கொடுப்பது உன் இஷ்டம். கொடுத்தால் இந்தக் கடிதத்தையும் சேர்த்துக் கொடு. பாதி மட்டும் போட்டால் அதுவும் ஒரு பக்கம் சாய்ந்த முள்தான்.

மார்லிஸ்

•

கிரேன்ஜர் மாவட்டம்
ஜூன் 30, 1996

அக்கா,

சனிக்கிழமை தபாலில் உன் கடிதம் வந்தது.

முதலில் நம்பவில்லை. வியாபாரியைக் காப்பாற்றக் கதை கட்டுகிறாய் என்று நினைத்தேன். 1994 நாட்குறிப்பைத் தேடி எடுத்தேன். போன வருடம் வெட்டின தேதிகளையும் எடுத்தேன். '94 ஜூலை 10ஆம் தேதிக்கு முன்னால் நான் உன் பேச்சை நம்பி வெட்டாமல் இருந்த நாளே இல்லை. அதற்கப்புறம் ஒவ்வொரு வெட்டும் ஒரு வாரம், பத்து நாள் தாமதம். தேதி பொருந்துகிறது. வியாபாரி விளம்பரம் தொடங்கியது போன வருடம்தான் என்று எல்டன் சொல்கிறான். அவன் இல்லை. சரி.

ஒலிபெருக்கி எனக்குத் தெரியாது. உன் காதில் மட்டும்தான் விழுகிறது என்று நினைத்துச் சொன்னேன். அப்படி விழுந்திருந்தாலும் அது சொல்லக்கூடியது இல்லை.

நாளைக்குப் பத்திரிகைக்குக் கொடுக்கவில்லை. கிழிக்கவும் இல்லை. மேஜை டிராயரில் இருக்கிறது. நீ இப்போது சொன்னது மட்டும் உண்மை என்று எனக்கு எப்படித் தெரியும்? இரண்டு வருடம் பொய் எண் காட்டிய எந்திரம் ஒரே நாளில் மெய் எண் காட்டும் என்று நான் நம்பியதில்லை. சோதித்துத்தான் பார்க்க வேண்டும்.

சோதனை இது. இரண்டாம் வெட்டு தயார். ஜூலை 8 திங்கட்கிழமை வெட்டினால் புதன் சாயங்காலம் கட்டிவிடலாம். அதைத் தாண்டினால் பூத்துவிடும். 7ஆம் தேதி ஞாயிறு ஆறு இருபதுக்கு என் மூலைக்கு மூன்று நாளுக்கும் உண்மையான எண்ணைப் போடு. விக்குடைய எண் வேண்டாம், உன் பயத்தின் எண்ணும் வேண்டாம். எண் என்னவோ அது.

கர்ட்

•

லிங்கன்
ஜூலை 5, 1996

கர்ட்,

போடுகிறேன்.

நேற்றே விக்கிடம் சொல்லிவிட்டேன். "பத்துன்னு போடப்போறியா? பெஞ்சா போன நீதான் எடுக்கணும்" என்றார். எடுக்கிறேன் என்றேன். அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டு, "எவன்டி அந்த மூலைல உனக்கு?" என்று கேட்டார். தம்பி என்றேன். நம்பவில்லை.

நீ சோதனை என்கிறாய். உன் சோதனையிலும் எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். நான் பத்து என்று சொல்லி, பெய்யாமல் போனால் நான் உண்மை சொன்னதாக நீ எழுதிக்கொள்வாய். பெய்துவிட்டால்? பத்து என்ற எண் அப்போதும் சரியாகத்தான் இருக்கும். நான் திரையில் நிற்கிற ஒன்பது வருடத்தில் இதை ஒருத்தருக்குக்கூடப் புரியவைக்க முடியவில்லை. உனக்குக் கணக்கு தெரியும். ஆனால் '94இலும் உனக்குக் கணக்கு தெரியும்.

புதன்கிழமை நான் போனுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன்.

மார்லிஸ்

•

கிரேன்ஜர் மாவட்டம்
ஜூலை 11, 1996

அக்கா,

ஞாயிறு பார்த்தேன். திங்கள் பத்து, செவ்வாய் பத்து, புதன் பத்து. நீ சிரிக்கவில்லை. வரைபடத்தில் அந்த மூலையைக் காட்டும்போது உன் கை கொஞ்சம் தள்ளி, தெற்கு டகோட்டாவுக்குள் போய்விட்டது. இருக்கட்டும்.

மூன்று நாளும் பத்து என்றால் மூன்றும் தப்ப நூற்றுக்கு எழுபத்துமூன்று. போதும் என்று திங்கள் காலை வெட்டினேன். ஐம்பத்தைந்து ஏக்கர்.

திங்கள் வெயில். செவ்வாய் வெயில், நல்ல காற்றும்கூட. புதன் மதியம் புரட்டிப் போட்டாயிற்று, கட்டுகிற எந்திரத்தை மாட்டிக்கொண்டிருந்தேன். எல்டனும் அவனுடைய எந்திரத்தோடு வந்திருந்தான். இரண்டு மணிக்கு மேற்கே ஒரே ஒரு கறுப்புத் திட்டு. மேலே உயரமாகப் போகாத மேகம். உன் ராடார் கற்றைக்கு அடியிலேயே வந்திருக்கும். கிழக்கு ஓரத்தில் நன்றாகக் காய்ந்திருந்த இருபது ஏக்கரை இரண்டு பேரும் ஓட்ட ஓட்டக் கட்டினோம். இரண்டு ஐம்பதுக்கு மழை பிடித்துக்கொண்டது. மழைமானியில் ஐம்பத்தெட்டு. அதாவது, அங்குலத்தில் நூற்றில் ஐம்பத்தெட்டு பங்கு. இன்னும் மூன்று மணி நேரம் கிடைத்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும்.

எல்டன் வண்டிக்கு அடியில் புகுந்துகொண்டு கத்தினான்: "பத்துன்னு சொன்னாளேடா உங்கக்கா! இந்தா, வாளியால கொட்டுது பாரு பத்து!"

நான் சொன்னேன்: "பத்துன்னா பெய்யாதுன்னு யாருய்யா சொன்னா? பத்துல ஒண்ணு பெய்யும். இது அந்த ஒண்ணு."

"அதெப்படி உன் தலைல மட்டும் அந்த ஒண்ணு விழுது?"

"வெயிலடிச்ச ஒன்பது உன் தலைல விழுந்துச்சு, எண்ணுனியா?"

மழை விட்டதும் வீட்டுக்குள் வந்து போனை எடுத்தேன். உங்கள் செய்தி அறை எண் இன்னும் மனப்பாடம். கையில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டு, டயல் செய்யாமல் வைத்துவிட்டேன். திட்ட எடுக்கவில்லை. எண் சரிதான் என்று சொல்லத்தான் எடுத்தேன். ஆனால் அந்த ஒலிபெருக்கியில் என் குரல் வந்தால், நான் என்ன சொல்கிறேன் என்பது உன் காதில் விழுவதற்கு முன்னால் வேறொன்று விழும். அதனால் கடிதம். இரண்டு நாள் போன் பக்கத்தில் உட்கார்ந்து நீ பயந்திருந்தால் அதற்கு நான்தான் காரணம்.

நனைந்ததைப் புரட்டிக் காயவைத்தால் கன்றுகளுக்கு ஆகும், பால் மாட்டுக்கு ஆகாது. கட்டிய இருபது ஏக்கரும் மூன்றாம் வெட்டும் சேர்ந்தால் முப்பது மாட்டுக்குக் குளிர்காலம் ஓடும். பத்து மாடு போகிறது. எல்டன் எடுத்துக்கொள்கிறான். அவனிடம்தான் தீனி இருக்கிறதே.

ஏப்ரல் ஒன்று பற்றிக் கேட்டாய். நீ நினைத்தது தப்பு. மழைமானியை மார்ச்சில் மாற்றியது கொட்டகை மறைத்ததால்தான். இரண்டு வருடமாக ஆறு இருபதுக்கு நான் டிவி போடாத நாள் இல்லை. எல்டன் வந்தால், "பேசமாட்ட, ஆனா பாப்பியா?" என்று சிரிப்பான். ஒரு நோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அப்புறம் சிரிப்பதை விட்டுவிட்டான். மடியில் நோட்டு இருந்ததால் எழுதினேன். எழுதினதால் எண்ணினேன். அவ்வளவுதான்.

டிராயரில் இருந்ததை இன்று அடுப்பில் போட்டேன். நோட்டைப் போடவில்லை. அதில் 'பத்து' என்று ஒரு புதுப் பக்கம் திறந்திருக்கிறேன். மூன்று நாள், ஒரு மழை. இதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. இன்னும் நிறைய நாள் வேண்டும்.

மூன்றாம் வெட்டு ஆகஸ்ட் 12. எண்ணைச் சொல். கூட்டாதே.

கர்ட்

•

[அஞ்சலட்டை]

லிங்கன்
ஆகஸ்ட் 11, 1996, ஞாயிறு இரவு

கர்ட்,

இப்போதுதான் ஸ்டுடியோவிலிருந்து வந்தேன். நீ பார்த்திருப்பாய். மூன்று நாளும் பத்து. போன தடவை பெய்ததைச் சொல்லி, பேசாமல் முப்பதாகப் போடு என்றார் விக். மாட்டேன் என்றேன். ஒப்பந்தத்தைப் பற்றி ஏதோ முணுமுணுத்தார். எனக்கு இப்போதும் பயம்தான். இந்த அட்டை வந்து சேர்வதற்குள் நீ கட்டியிருப்பாய், இல்லை நனைந்திருப்பாய். எதுவானாலும் போன் செய். ஒலிபெருக்கியின் ஒயரைப் பிடுங்கிவிட்டேன்.

அக்கா